அத்தானின் உப்புத்தண்ணீர்த் தொட்டி

சங்கரன்கோவிலில் அக்கா வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. இரண்டரை அடி நீளம். அடியில் வெள்ளை மணல், அதன்மேல் துளை துளையாக நாலைந்து சுண்ணாம்புக் கற்கள், ஓயாமல் தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டார், மேலே நீல விளக்கு. மீன் மட்டும் இல்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து, கற்களுக்குப் பின்னால் தேடிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, மீனெல்லாம் ஒளிஞ்சிக்கிடுச்சா?" என்று கேட்பார்கள். "இனிமேதான் வரும்" என்பார் அத்தான். அவர்கள் போன பிறகு, மீனில்லாத அந்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தூவுவார். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

அத்தானுக்கு விசைத்தறி மோட்டார் பழுதுபார்க்கும் தொழில். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். பட்டறை வீட்டின் பக்கவாட்டிலேயே இருந்தது. அக்கா மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் பார்மசி டிப்ளமோ படித்துக்கொண்டு அவர்களுடன் தங்கியிருந்தேன். எங்கள் வீட்டுக்கு அத்தான் மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து அவர் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் அக்காவுக்கு ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண்குழந்தை பிறந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது நாள் இருந்தது. அக்கா அந்த ஒன்பது நாளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பிள்ளையின் கைக்கு மருந்து இறங்கும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்தது. அத்தான்தான் சர்ச் ஐயரிடம் பேசினார், ஆள் அனுப்பினார், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை பட்டறையைத் திறந்துவிட்டார். கண்ணில் ஒரு துளி இல்லை. என்ன மனுஷன் இவர் என்று எனக்குக் கோபமாக வந்தது. அக்கா பள்ளிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள்.

மூன்று மாதம் கழித்து அவளை மறுபரிசோதனைக்கு அழைத்துப்போனோம். டாக்டர் வீட்டு வரவேற்பறையில் ஒரு கடல்மீன் தொட்டி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒன்று, நீந்துவதற்குப் பதில் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து போய் அதன் முன்னால் நின்றாள். "ஏங்க, இங்கன வந்து பாருங்க. இதுக்குச் சும்மா நிக்கவே தெரியல" என்றாள். அத்தனை நாளில் அவளாக வாய் திறந்து சொன்னது அதுதான். அத்தான் மீனைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே தொட்டி வந்துவிட்டது. உப்பு கரைத்தார், தண்ணீர் நிரப்பினார், அன்றைக்கே ஐந்து மீன்களையும் வாங்கிவந்து விட்டார். மூன்றாம் நாள் காலை இரண்டு மீன் மிதந்தன. ஐந்தாம் நாள் கடைசி மீன் ஒரு மூலையில் பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதைப் பார்த்தது அக்கா. அவள் சத்தம் போடவில்லை. பட்டறை வாசலில் போய் நின்று, "இனிமே இந்த வீட்டுக்குள்ள உசுரோட எதையும் கொண்டாராதீங்க. என்னால முடியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. தூத்துக்குடியில் கடல்மீன் பொரிக்க வைத்து வளர்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, தினமும் போனில் பேசினார். பேசியதை எனக்கும் சொன்னார். "நாமதான் கொன்னிருக்கோம் மக்கா. மீனு கழிக்கிற அழுக்கு தண்ணியில விஷமா மாறுதாம். அதைத் தின்னு தீக்கிற கிருமி கல்லுலயும் மணல்லயும் வளரணும். அது வளர ஒண்ணரை மாசம், ரெண்டு மாசம் ஆவுமாம். அதுக்கு முன்னால மீன விட்டா மூச்சு முட்டித்தான் சாவும்." அந்தக் கிருமிகளுக்குத்தான் அவர் தீனி தூவிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரைத் தொடாமல், கேன் தண்ணீரில் உப்பைக் கரைத்து மறுபடி நிரப்பினார். கரண்ட் போனாலும் மோட்டார் நிற்காதபடி ஒரு பேட்டரியை இணைத்தார். இரண்டு நாளைக்கொரு முறை கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விடுவோம். பச்சையாக மாறினால் விஷம் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் தீர்ந்துவிட்டது. பச்சை, பச்சை, மறுபடி பச்சை. ஒருநாள் அத்தான் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இது மஞ்சள்தானா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அக்கா, "இன்னும் பச்சை ஓடுது. அவசரப்படாதீங்க" என்றாள். அவள் எப்போது வந்து நின்றாள் என்று எங்களுக்குத் தெரியாது.

அதற்கும் இரண்டு வாரம் கழித்து மஞ்சள் நிலைத்தது. அப்போதும் அவர் ஒரே ஒரு ஜோடி மீன்தான் வாங்கினார். தூத்துக்குடிக்காரரிடமே மூன்று வாரம் தனித்தொட்டியில் விட்டு, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு எடுத்துவந்தார். மீன் வந்த பையிலுள்ள தண்ணீரும் எங்கள் தொட்டித் தண்ணீரும் ஒன்றுபோல இருக்காது. சட்டென்று மாற்றினால் மீன் தாங்காது. வாளியில் மீனை வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அதற்கு என்னிடம் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்று வாங்கிவரச் சொன்னார். நானும் யோசிக்காமல் வாங்கிவந்து கொடுத்தேன். அதை அவர் தொட்டியிலிருந்து வாளிக்குத் தொங்கவிட்டபோதுதான் அக்கா அறைக்குள் வந்தாள். குழாயைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அத்தான் குழாயைக் கழற்றப் போனார். "எடுத்துருதேன்... எடுத்துருதேன் தாயி" என்றார். அக்கா தரையில் உட்கார்ந்தாள். குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். "வேகமா விழுது. இம்புட்டு வேகம் கூடாது" என்றாள். ஒன்றரை மணி நேரம் அவள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. கை மட்டும் சக்கரத்தை விடவில்லை.

மீனைத் தொட்டிக்குள் விட்டதும் அவள்தான். அத்தான் நாள் முழுக்கச் செம்பு பிடிக்கிறவர். செம்பு துளி கலந்தாலும் அடுத்து விடப்போகிற இறாலுக்கு ஆபத்து என்று தூத்துக்குடிக்காரர் எச்சரித்திருந்தார். எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் தன் கையின் மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் கல்லை நகர்த்துவது, கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவது எல்லாம் அக்கா வேலையாகிவிட்டது. "அவுக தொட்டி கட்டுனாக, தொடத்தான் முடியல" என்று அவள் கேலி செய்கிற அளவுக்கு ஆனது. ஒரு மாதம் போன பிறகு ஓர் இறால். அதற்கும் பல வாரம் கழித்து, வாய் நிறைய மணலை அள்ளிவந்து வெளியே துப்பும் மஞ்சள் நிற மீன் ஒன்று. அவ்வளவுதான். இன்னும் இரண்டு விட்டால் அழகாக இருக்குமே என்று யாராவது சொன்னால், "இந்தத் தண்ணி இத்தனை உசுரத்தான் தாங்கும்" என்பாள் அக்கா. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவளும் போனாள்.

நான் படிப்பை முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்கு வந்து வருடங்கள் ஓடிவிட்டன. அவர்களுக்கு அதன்பின் குழந்தை இல்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்ததும் அக்கா போன் செய்தாள். மஞ்சள் மீன் இறந்துவிட்டதாகச் சொன்னாள். நோய் எதுவும் இல்லை, தண்ணீரும் சரியாகத்தான் இருந்ததாம். வயதாகிவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் குரல் நிதானமாக இருந்தது.

"நீ எப்படி இருக்கக்கா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். நாந்தான் அதை எடுத்து, கொல்லையில முருங்கைக்குக் கீழ புதைச்சேன். அத்தானுக்குத்தான்ட்டி முடியல."

"என்ன செய்யுதாக?"

"பட்டறையில உக்காந்து அழுதாக. சின்னப் பிள்ளை மாதிரி. நம்ம பிள்ளை போனப்பக்கூட இவுக அழுது நான் பாக்கலட்டி. இன்னைக்குத்தான் அழுதாக."

பட்டறையைத் திறந்த அந்தத் திங்கட்கிழமையும், அன்று எனக்கு வந்த கோபமும் ஞாபகம் வந்தன. "நீ என்ன சொல்லித் தேத்துன?" என்றேன்.

"பக்கத்துல போய் உக்காந்தேன். அழுது ஓஞ்சதும், பிள்ளை ஜாடை யாரு மாதிரின்னு கேட்டாக. இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் கேட்டாக. உங்கள மாதிரிதான்னு சொன்னேன்."