உடைந்த குடையும் ஒற்றை விளக்கும்

பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. ஹந்தானையில் குடியிருந்துகொண்டு கண்டி டவுனில் ஓட்டோ ஓட்டுகிறேன். ஏறுகிற ஆள் எந்த முடக்கில் இறங்கி ஓடுவார் என்று ஒரு கண் எப்போதும் கண்ணாடியில் இருக்க வேண்டிய தொழில். அந்தக் கண்ணோடுதான் என் மகளின் வாள் விளையாட்டையும் பார்த்தேன்.

அவள் இடது கைக்காரி. "சோத்துக் கையால வாங்கு" என்று வீட்டில் ஏச்சு வாங்கியே வளர்ந்தவள். டவுனில் வாள்வீச்சு பழக்குகிற சேர் அந்தக் கையைக் கண்டதும், "மகள் இடக்கையா? அல்ஹம்துலில்லாஹ்! நாளைக்கே அனுப்புங்க" என்றார். இந்தக் கைக்கு இத்தனை சந்தோஷமா? எனக்கு அப்போதே என்னவோ போல இருந்தது.

அவர் பழக்குகிற ஹோலுக்குப் போய்ப் பார்த்தேன். பேராதனையிலிருந்து காரில் வரும் ஒரு பெரிய பிள்ளை இருந்தாள், வலது கைக்காரி. சேருக்குச் செல்லம். தினமும் அவளுக்கு எதிரே என் மகளையே நிறுத்தினார். பழகி முடிந்ததும் அந்தப் பிள்ளை என் மகளிடம் இடது கையை நீட்டினாள். எனக்குச் சுர்ரென்றது.

"பாத்தியா, பீச்சாங்கையக் குடுக்குறா!"

"ஐயோ அப்பா, வாள் வலது கையில இருக்கு. வெறுங்கையத்தான் குடுக்கணும். அதான் மரியாத."

சரி, அது விளங்கியது. ஆனால் மற்றது விளங்கவில்லை. இடது கைக்காரர்கள் குறைவு. அவர்களோடு பழகாதவர்கள் போட்டியில் தடுமாறுவார்களாம். அப்படியானால் செல்லப்பிள்ளை பழகத்தான் என் மகளா? சேரிடமே கேட்டேன்.

"ஓ, அதுக்கும்தான்" என்றார் அவர், கூசாமல். "ஒங்கட மகளுக்குப் பழக்கம் குடுக்கவும்தான் அவள எதிர்ல நிப்பாட்டுற. கண்டியில வேற ஆள் எங்க ஈக்கிது?"

நல்ல பதில். ரொம்ப நல்ல பதில். அதனாலேயே நான் நம்பவில்லை.

இதில் ஒரு பிள்ளை படுகிற பாட்டைச் சொல்ல வேண்டும். முதலில் மாதக்கணக்கில் வாளே கையில் கிடையாது. முழங்காலை மடக்கி முன்னே, பின்னே, முன்னே, பின்னே. விடிந்ததும் தேயிலை மலை ஏறி ஓட்டம். வாள் கைக்கு வந்த பிறகு தோளிலும் கையிலும் கன்றிப்போன தழும்புகள். தோற்ற ஆட்டத்தை ஃபோனில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, எந்தக் காலடியில் பிசகினோம் என்று தேட வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்பாள்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு சந்தேகம். ஹந்தானை மழைக்குக் குடை இல்லாமல் முடியாது. எங்கள் குடையோ அடிக்கடி உடைந்தது. கம்பி வளையும், பிடி ஆடும்.

"என்னாச்சு இதுக்கு?"

"காத்துங்க" என்றாள் மனைவி.

அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை.

பிறகு தெரிவுப் போட்டி வந்தது. நாட்டுக்காக விளையாடப் போகும் அணியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். கடைசி ஆட்டம் யாருக்கும் யாருக்கும் என்று நினைக்கிறீர்கள்? என் மகளுக்கும் அந்தச் செல்லப்பிள்ளைக்கும்தான். மகளின் ஒவ்வொரு வெட்டும் அவளுக்கு மனப்பாடம். 'எல்லாவற்றையும் பழக்கிக் கொடுத்துவிட்டு இப்போது நிறுத்துகிறார் பார்' என்று பல்லைக் கடித்தேன்.

இந்த விளையாட்டில் இடுப்புக்கு மேலே வாள் பட்டால், பட்டது யாருடைய வாளோ அவருடைய விளக்கு எரியும். இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்தால், யார் முதலில் தாக்க வந்தது என்று நடுவர் தீர்மானிப்பார். எனக்குப் பிடிக்காத இடம் அதுதான். கண் சிமிட்டுகிற நேரத்தில் மனிதருக்கு என்ன தெரியும்? இரண்டு விளக்கு எரியும்போதெல்லாம் நடுவரின் முகத்தையே பார்த்தேன். வாயைத் திறக்க முடியாது. "சத்தம் போட்டீங்கன்னா எச்சரிக்கை அட்ட காட்டுவாங்க அப்பா" என்று மகள் சொல்லி வைத்திருந்தாள்.

பதினைந்து புள்ளி எடுப்பவர் வெற்றி. பதினான்குக்குப் பதினான்கு என்று வந்து நின்றது.

பெரிய பிள்ளை பாய்ந்தாள். மகள் எப்போதும் வாளை வாளால் தடுப்பவள். அதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அன்று தடுக்கவில்லை. சட்டென்று பின்னே ஓர் அடி வைத்தாள். பெரிய பிள்ளையின் வாள் காற்றை வெட்டிக்கொண்டு போனது. நீட்டிய அந்த மணிக்கட்டில் மகளின் வாள் விழுந்தது.

ஒரே ஒரு விளக்கு. நடுவருக்கு வேலையே இல்லை.

முகமூடிகளைக் கழற்றினார்கள். அந்தப் பிள்ளை கண் கலங்கி இடது கையை நீட்டினாள், மகள் வலது கையைக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டுக் கைகோத்துப் போகிறவர்களைப் போல இருந்தது. சேர் இரண்டு பேர் முதுகிலும் தட்டினார். ஒரே அளவாகத் தட்டுகிறாரா என்று பார்த்தேன். ஒரே அளவுதான்.

வியர்வை வழிய வந்த மகளைக் கேட்டேன்: "அந்த வெட்ட எங்க படிச்ச? ஹோல்ல ஒருநாளும் காணலியே."

"ஹோல்ல காட்டினா அந்த அக்கா பிடிச்சுக்குவாங்களே. யாரையும் நம்பாதன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"அப்ப யாரோட பழகின?"

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் என் மனைவி பையின் வாயை இழுத்து மூடினாள். மூடாத ஓரத்தில் குடையின் பிடி, வளைந்து போய்.

"குசினிக்குப் பின்னால, நீங்க ஓட்டோவுல ஹயர் போன நேரத்துல" என்றாள் மனைவி. "நான் குடையோட பாய்வேன், இவ வெட்டுவா. மணிக்கட்டு இன்னும் வலிக்குதுங்க."

வெளியே வந்தபோது மழை. குடை விரியவில்லை. நனைந்துகொண்டே ஓட்டோவில் ஏறினோம். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் இருவரும் காதோடு காது ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து சேர் மீதான சந்தேகத்தைக் குறைத்துக்கொண்டேன். வீட்டிலேயே எனக்கு வேலை நிறைய இருக்கிறது.