மெல்லிய எழுத்தும் பின்னல் துணியும்

ஏற்றுமதி நிறுவனத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, குழந்தைகளுக்கான பனியன்களைத் தானே தைத்து விற்கப் புறப்பட்டாள் என் மகள். முதல் ஆர்டர், பனியன் மொத்தச் சந்தையான காதர்பேட்டையின் வியாபாரி ஒருவரிடமிருந்து வரவேண்டியிருந்தது. அது வராவிட்டால் பழைய வேலைக்கே திரும்பிவிடுவதாகத் தன் கணவரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். அவளைக் காட்டிலும் எனக்கே அந்த வார்த்தை பெரும் பாரமாயிற்று.

பனியனின் மார்பில் அச்சிட அவள் தேர்ந்தெடுத்த ஆங்கில எழுத்துரு, கணினியில் உள்ளதே ஆயினும், பொறுமை மிக்க ஒருவர் பேனாவால் எழுதியது போன்றிருந்தது. இறங்கும் கோடு தடித்தும், ஏறும் கோடு மயிரிழையாய் மெலிந்தும், ஒவ்வோர் எழுத்தும் அடுத்ததன் கையைப் பற்றியபடி நின்றது. பனியன் பெட்டிகளைப் பார்த்தே ஆங்கிலம் கற்றவன் நான். எனினும் அந்த அழகு எனக்கு விளங்காமல் இல்லை. அந்த மெல்லிய கோடுகளே என்னை அச்சுறுத்தின. பின்னல் துணி இழுபடும் தன்மையது. காதர்பேட்டையிலோ, பனியனைக் கையில் எடுப்பவர் எவரும் முதலில் அதை இழுத்தே பார்ப்பர்.

"கொஞ்சம் தடிமனாப் போட்டுக்க, கண்ணு" என்றேன்.

"அப்பறம் அது சிமெண்ட் மூட்டை எழுத்தாட்ட இருக்குமுங்கப்பா."

கடைக்கு நானும் உடன் சென்றேன். வியாபாரி சாம்பிளை மேசைமேல் விரித்து, "கல்யாணப் பத்திரிகையாட்ட இருக்குதுங்க" என்றார். அடுத்த கணம் இரு கைகளாலும் இழுத்தார். எழுத்துகளை இணைத்த கோடுகள் அறுந்து, இடையே வெள்ளைத் துணி தெரிந்தது.

"கோடு வுட்டுப்போச்சுங்களே."

"கொழந்தை சட்டையை ஆருங்க இப்படி இழுப்பாங்க?" என்றாள் மகள்.

"கொழந்தைதானுங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தனர். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பையிலிருந்து மற்றொரு பனியனை எடுத்து வைத்தாள். அதே எழுத்து, மெல்லிய கோடுகள் மட்டும் தடித்திருந்தன. அதை எப்போது அச்சிட்டாள் என்பதை நான் அறியேன். வியாபாரி இழுத்தார். எழுத்து தாங்கியது.

"இதையே போட்டுக் குடுங்கம்மா."

"சரிங்க. ஆனா கழுத்து லேபிள்ல மெல்லிசு எழுத்துதானுங்க வரும். அந்த நாடா இழுபடாது."

"உள்ள இருக்கறத ஆருங்கம்மா பாக்கப் போறாங்க?"

"மாட்டிவுடற அம்மா பாப்பாங்க."

வியாபாரி அதற்கும் சம்மதித்து, எந்தெந்த அளவில் எவ்வளவு வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார், அவள் குறித்துக்கொண்டாள். நானோ, வழுவழுப்பான அந்த லேபிள் நாடாவில் மயிரிழைக் கோடு சலவைக்குத் தாங்குமா என்று அப்பொழுதே கவலைப்படத் தொடங்கியிருந்தேன்.