முனியாண்டி மேட்டில் ஆறு புள்ளிகள்

புவனேசன் எதையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. மழை வருது என்று மனைவி பிரேமாவதி சொன்னால் வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பார். மலேசியாவின் பாடாங் செராய்க்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பழம் தரும் செம்பனைத் தோட்டமொன்றில் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோர் அவர். ஆட்களைச் சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குவதாக நினைப்பு.

வருகைப் பதிவுக்கு நிர்வாகம் ஒரு செயலியைக் கொண்டுவந்தபோது முதலில் அதையே சந்தேகப்பட்டார். "நம்மள வேவு பாக்கத்தான் லா இது" என்றார். யார் எங்கே நிற்கிறார் என்று வரைபடத்தில் புள்ளி காட்டும், புள்ளி மறைந்தால் ஆள் வேலைக்கு வரவில்லை என்று அதுவே பதிந்துவிடும் என்று தெரிந்ததும் மனிதர் அடியோடு மாறிப்போனார். தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும் கண் புள்ளிகளின் மேல்தான்.

அப்படித்தான் அகப்பட்டார்கள் தோட்டத்தின் பள்ளத்துப் பகுதியில் வேலை செய்த பெண்கள். உதிர்ந்த பழம் பொறுக்கவேண்டிய ஆறு பேருடைய புள்ளிகளும் காலையிலிருந்து முனியாண்டி கோயில் மேட்டிலேயே அசையாமல் நின்றன. அவர்களில் மூத்தவளான காளியம்மாவைப் பிடித்துக் கேட்டார்.

"சாமிகிட்டதான்ணே லைன் இருக்கு. கீழ எறங்குனா போன் செத்துருது, ஆள் வரலன்னு காட்டுது. அதான் போனச் சாமிகிட்ட விட்டுட்டுப் போறோம்."

"நல்லா கதை விடுற காளியம்மா."

மூட்டை மூட்டையாகப் பழம் வருகிறதே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. புருஷன்மார் சாயங்காலம் வந்து பொறுக்கிக் கொடுப்பார்களாக இருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். அலோர் ஸ்டார் அலுவலகத்திலிருந்த மேலாளர் சிவநேசனிடம் போட்டுக் கொடுத்தார்.

"நேர்ல பாத்து உறுதி பண்ணுங்க மண்டோர். உண்மைன்னா காளியம்மாவ நிறுத்திருவோம்."

காளியம்மா வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அது புவனேசனுக்கும் தெரியும்.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளைப் புதரில் மறைத்துவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் பதுங்கினார். முனியாண்டி பீடத்தில் ஒரு பிஸ்கட் தகரம், அதற்குள் ஆறு கைப்பேசிகள். ஆள் ஒருத்தியும் இல்லை. போனை வைத்துவிட்டு வீட்டுக்கே போய்விடுகிறார்கள் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்தார். கொசு பிடுங்கியது. செவ்வெறும்பு காற்சட்டைக்குள் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போனது. கையும் களவுமாகப் பிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறியபோது பள்ளத்திலிருந்து மூச்சிரைப்பு கேட்டது. ஆறு பேரும் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிகளோடு மேடேறி வந்தார்கள். காளியம்மாவின் முழுக்கைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னண்ணே, சாமி கும்பிட வந்தீங்களா?"

அவமானம் புவனேசனைப் பிடுங்கித் தின்றது. பதில் சொல்வதற்குள் கைப்பேசி அலறியது. சிவநேசன்தான்.

"மண்டோர், காலையிலேர்ந்து உங்க புள்ளியும் அங்கயே உக்காந்திருக்கு. நீங்களும் சேந்துட்டீங்களா?"

"இல்ல சார்... இங்க சாமிகிட்டதான் லைன் இருக்கு."

"நல்லா கதை விடுறீங்க மண்டோர்."

காதில் விழுந்தது காளியம்மாவிடம் அவர் சொன்ன அதே சொல்தான். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. காளியம்மா தகரத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"போன இதுல போட்டுட்டு எங்ககூட வந்து பாருங்கண்ணே. இல்லன்னா உங்களையும் வரலன்னு காட்டிரும்."

புவனேசன் போடவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அவளுக்கு முன்னால் பள்ளத்தில் இறங்கினார். வேலை முடியும்வரை குனிந்த முதுகு நிமிராமல் அவர்களோடு பழம் பொறுக்கினார்.

மேட்டுக்குத் திரும்பியதும் கைப்பேசி மறுபடி அலறியது. சிவநேசன்தான்.

"எங்க மண்டோர் போனீங்க? நீங்க வேலைக்கே வரலன்னு காட்டுது!"

"அதத்தான் சார் காளியம்மா சொன்னுச்சு" என்றார் புவனேசன். "நம்பலன்னா நாளைக்கு நீங்களும் எறங்கிப் பாருங்க."