மிளகாய்க்குப் பக்கத்துல காஞ்ச ரெக்கார்டு

எங்க வீட்டுக்காரர் சிவஞானம் ஒரு நாளைக்குப் பேசுறதுல பாதி "கேன்சல்"ங்கிற ஒரே வார்த்தைதான். போர்ட் பிளேர்ல கப்பல் டிக்கெட் கவுண்டர்ல இருபத்திரெண்டு வருஷமா உக்காந்திருக்காரு. கடல்ல காத்து அடிச்சா கப்பல் போகாது. காத்த இவரு ஊதி அனுப்பல, ஆனா திட்டு மட்டும் இவருக்கு. "ஜஹாஸ் கப் ஜாயேகா?", கப்பல் எப்பப் போகும்னு வங்காளி கேப்பாரு, தெலுங்குக்காரரு கேப்பாரு. நம்மாளு தமிழ்ல கேட்டுட்டு இந்தியில திட்டுவாரு. கல்யாணத்துக்கு முன்னாடி நானே வரிசையில நின்னு இவர ஒரு தடவ திட்டியிருக்கேன். அவருக்கு அது ஞாபகமே இல்லையாம். எத்தன பேரத்தான் ஞாபகம் வெச்சுக்குவாரு பாவம்.

அப்பேர்ப்பட்ட மனுஷன நானூறு பேரு "சார்"னு கூப்பிடுறாங்கன்னா யாரு நம்புவா? இன்டர்நெட்ல ஒரு குழு இருக்கு. காப்பர் ஹெரான்னு ஒரு பழைய இங்கிலீஷ் ராக் பேண்ட். அவங்க போட்ட கறுப்புத் தட்டுங்களச் சேக்குற ஆளுங்க. பக்கத்துல இருக்குற வண்டூர்ல ஒரு வெள்ளைக்காரர் லாட்ஜ மூடுறப்ப, பிளாஸ்டிக் சேர் வாங்கப் போன இவரு ஒரு பெட்டி ரெக்கார்டும் அதச் சுத்துற மெஷினும் சேத்துத் தூக்கிட்டு வந்தாரு. சேரு ஆறே மாசத்துல ஒடஞ்சு போச்சு. பெட்டிக்குள்ள அந்த பேண்டோட மூணாவது ரெக்கார்டு, முதல் முதலா அச்சடிச்சது இருந்துச்சு. குழுவுல வேற யார்கிட்டயும் அது இல்ல. அதனாலதான் சார்.

போன வருஷம் கம்பெனிக்காரன் எல்லா ரெக்கார்டையும் மறுபடி அச்சடிச்சு, பெரிய பெட்டியில போட்டு வித்தான். நானூறு பேரும் அதப் பத்தி அபிப்பிராயம் சொல்ல ஆரம்பிச்சாங்க. நார்வேயில ஒரு பல் டாக்டரு, பெட்டி மூல கூரா இல்லன்னு வருத்தப்பட்டாரு. ஜப்பான்காரரு ஒவ்வொரு தட்டையும் தராசுல வெச்சு நாலு கிராம் கொறையுதுன்னாரு. ஹாலந்துக்காரரு கூட வந்த புத்தகத்த மோந்து பாத்துட்டு, பழைய மை வாசன வரலன்னு ரெண்டு பக்கம் எழுதுனாரு. யாரும் பாட்டக் கேட்ட மாதிரியே தெரியல. கடைசியில, புதுசோட சத்தம் பழசு மாதிரி இருக்கான்னு சண்ட. சிவஞானம் சார் தன் ரெக்கார்டப் போட்டு, சத்தத்தப் பதிவு பண்ணி அனுப்பட்டும், அதுதான் தீர்ப்புன்னு முடிவு பண்ணிட்டாங்க.

அந்த ரெக்கார்டப் போடப் போறாரேன்னு எனக்குப் பயம். காரணம் இருக்கு.

நாங்க இருக்குற ஏரியா பேரு டெய்ரி ஃபார்ம், அங்க எட்டு மாசம் மழ. வீட்டுல மனுஷனத் தவிர எல்லாத்துலயும் பூசணம் புடிக்கும். மழ விட்டு மொத வெயில் அடிச்ச அன்னிக்கு, தெருவே சாமானத் தூக்கி வெளிய போடும். தலகாணி, செருப்பு, பட்டுப்புடவ, ஸ்கூல் சர்டிபிகேட்டுன்னு ஒண்ணு பாக்கியில்லாம காயும். அன்னிக்கு இவரு டியூட்டியில இருந்தாரு. ரெக்கார்டு உறையில வெள்ளையாப் பூத்திருந்துச்சு. நல்லதுதானேன்னு தட்ட உருவி, விறகுக் கொட்டாய்த் தகரத்து மேல, மிளகாய்க்குப் பக்கத்துல வெச்சேன். பதினோரு மணிக்குப் போய்ப் பாத்தா, அப்பளமா நெளிஞ்சு கெடக்கு. அள்ளிட்டு வந்து ரெண்டு நாள் அரிசி மூட்டைக்கு அடியில வெச்சு நிமித்தி, உறைக்குள்ள திருப்பிப் போட்டுட்டேன். வாயத் தொறக்கல.

இப்ப இவரு அதப் போட்டாரு. கிட்டார் சத்தம் மேல போயி, கீழ வந்து, கப்பல்ல நிக்குற மாதிரி ஆடுச்சு. எதுவும் சொல்லாம அப்படியே பதிவு பண்ணி அனுப்பிட்டாரு.

சிரிப்பாங்க, இவரு மானம் போகப் போவுதுன்னு நான் ஒடுங்கிப் போயி உக்காந்திருந்தேன். எவனும் சிரிக்கல. பல் டாக்டரு அழுதுட்டாராம். "இதுதான் கடலோட அலை, இதத்தான் கம்பெனி அழிச்சிட்டான்"னு ஹாலந்துக்காரரு எழுதுனாரு. பெட்டிய வாங்குனவங்க திருப்பி அனுப்ப ஆரம்பிச்சாங்க. கம்பெனிக்காரன் பழைய டேப்பெல்லாம் தேடிட்டு, அப்படி ஒரு அலையே இல்லன்னு சத்தியம் பண்ணுனான். யாரு கேட்டா? கடைசியில அவனும் எறங்கி வந்து, இவரு அனுப்புன பதிவ வெச்சு மெஷின்ல அலை சேத்து, புதுப் பெட்டி போட்டான். மொதப் பெட்டி சிவஞானம் சாருக்கு, அபிப்பிராயம் சொல்லணும்னு கடுதாசி வேற. அது மெயின்லேண்டுல இருந்து கப்பல்ல வரணும். மூணு தடவ கப்பல் கேன்சல். மூணு தடவயும் இவரே கவுண்டர்ல உக்காந்து அறிவிச்சாரு.

ஒரு வழியா பெட்டி வந்துச்சு. ஞாயித்துக்கெழம காலையில போட்டுக் கேட்டாரு. அலை வந்துச்சு, போச்சு, மறுபடி வந்துச்சு. இவரு மூஞ்சி தொங்கிப் போச்சு. கண்டுபுடிச்சிட்டாருன்னு நெனச்சேன். இதுக்கு மேல நெஞ்சுல வெச்சிருக்க எனக்குத் தெம்பில்ல.

"ஏங்க, அது கடலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான் அத வெயில்ல காயப் போட்டேன்."

"தெரியும் வல்லி. மிளகா வெத ஒட்டியிருந்துச்சு. அனுப்புறதுக்கு முன்னாடியே தொடச்சு எடுத்தேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கல. "தெரிஞ்சே ஊர ஏமாத்துனீங்களா?"

"நான் என்ன சொன்னாலும் திட்டுறவங்களத்தான் பாத்திருக்கேன். ஒரு தடவ நான் போட்டதக் கேட்டு ஒருத்தர் அழுதாரு. உண்மையச் சொல்ல மனசு வரல." மெஷின நிறுத்துனாரு. "ஆனா இப்ப நானூறு பேரு வாங்கப் போறாங்க. நான் சரின்னு சொன்னா அது பொய்யி."

அப்புறம் எழுத உக்காந்தாரு. கடலெல்லாம் இல்ல, என் சம்சாரம் தகரத்து மேல மிளகாய்க்குப் பக்கத்துல வெச்சா, அது வளைஞ்சு போச்சு, நான் தெரிஞ்சே மறைச்சேன், மன்னிக்கணும்னு எழுதி அனுப்பிட்டு, இனி சார் பட்டம் போச்சுன்னாரு. எனக்கு அந்த ஒரு மரியாதையும் என் கையால போச்சேன்னு இருந்துச்சு.

கஞ்சி வடிச்சு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்துடுச்சு. நார்வே பல் டாக்டரு. இவரு படிச்சுப் பாத்துட்டு, என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"என்னவாம், திட்டியிருக்கானா?"

"இல்ல. கேள்வி உனக்கு. மேடம்னு போட்டிருக்காரு. அவங்க ஊர்ல மார்ச்சு வரைக்கும் சரியா வெயில் வராதாம், தன் ரெக்கார்ட அடுப்புப் பக்கத்துல வெச்சா ஆகுமாங்கிறாரு. மிளகா எத்தன கிலோன்னு ஜப்பான்காரரு தனியாக் கேட்டிருக்காரு."

நான் கையத் தொடச்சுக்கிட்டு யோசிச்சேன். நம்மள நம்பிக் கேக்குறாங்க, ஏனோதானோன்னு சொல்லக் கூடாது.

"மிளகா ஒரு படி போதும்னு போடுங்க. அடுப்பு ஆகாது, வெயிலுக்கே காத்திருக்கச் சொல்லுங்க"ன்னேன். "பத்து மணிக்கு மேல விடக் கூடாது. அரிசி மூட்டய மறந்துடாதீங்க."

இவரு ஒரு வார்த்த விடாம எழுதி, கீழ என் பேரப் போட்டாரு.