சித்திரைப் பெரட்டு

மலேசியாவில், ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங்கைத் தாண்டி உள்ளே பிரிகிற சாலையில், முன்பு எங்கள் ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில், இப்போது பாதி செம்பனை, பாதி தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். மிஞ்சியிருப்பது மாரியம்மன் கோவிலும் அதன் முன்னால் உள்ள வெட்டவெளியும்தான். அந்த வெட்டவெளிக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். பால் வெட்டப் போகும் முன், இருட்டோடு ஆட்களை வரிசையில் நிறுத்தி, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பெயர் கூப்பிட்ட இடம். கோவிலுக்கு வருகிறவர்கள் இன்று அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

ஆண்டில் ஒரு நாள், சித்திரா பௌர்ணமி விடியலில், அங்கே யாரையும் கார் நிறுத்த விடுவதில்லை. அன்று அது மறுபடியும் பெரட்டுக் களமாகிவிடும். இரண்டாம் உலகப்போரில் சயாமில், இன்றைய தாய்லாந்தில், ஜப்பான்காரன் போட்ட ரயில்பாதைக்கு எங்கள் தோட்டத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பெயர்களைக் கூப்பிடுவோம். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டு ஆள் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பதில் ஒன்றுதான்: "சயாமுக்கு வேலைக்குப் போயிருக்காரு."

தேதி இல்லாத எதையும் எழுதி வைப்பது எனக்குப் பிடிக்காது. தோட்டம் கைமாறிய நாள், பள்ளிக்கூடம் மூடிய நாள், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் கடைசி லயம் இடிபட்ட நாள் எல்லாம் என்னிடம் உண்டு. ஓய்வு பெற்று ஈப்போவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதுதான் வேலை. ஆனால் எங்கள் தோட்டத்தின் மிகப் பெரிய சம்பவத்துக்கு என்னிடம் தேதி இல்லை. சித்திரா பௌர்ணமி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. திருவிழாவுக்குக் கட்டிய தோரணம் வாடவில்லை, லாரி வந்து நின்றது என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஆண்டு 1943 என்பது என் கணிப்பு. பஞ்சாங்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினால் ஆங்கிலத் தேதி கிடைத்துவிடும். ஆண்டையே நிரூபிக்க முடியாதபோது தேதியை எழுதி என்ன பயன்?

பதில் பிறந்த கதையை நான் பார்க்கவில்லை. மூன்று வீட்டில் தனித்தனியே கேட்டேன், மூன்றும் ஒத்துப்போனதால் எழுதுகிறேன். லாரி போன மறுநாளும் கிராணி பழக்கதோஷத்தில் எல்லாப் பெயரையும் கூப்பிட்டிருக்கிறார். களத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆள் வராவிட்டால் வீட்டுக்காரர் காரணம் சொல்வது தோட்டத்து வழக்கம். காய்ச்சல், ஆஸ்பத்திரி, தங்கச்சி கல்யாணம் என்று ஏதாவது ஒன்று. அன்று வயிற்றில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண், தன் புருஷன் பெயர் வந்ததும் அதே குரலில் காரணம் சொன்னார். சயாமுக்கு வேலைக்குப் போயிருக்காரு. மூன்று மாத வேலை, கூலியும் அரிசியும் உண்டு என்று சொல்லித்தான் ஏற்றிப் போயிருந்தார்கள். அவருக்கு அடுத்து நின்றவரும் அதையே சொன்னார். அடுத்த ஆண்டு பௌர்ணமிக்கு யாரும் சொல்லாமலே அந்தப் பெண்கள் களத்துக்கு வந்தார்கள்.

அன்று அவர் வயிற்றில் இருந்த பிள்ளைதான் நான் அக்கா என்று கூப்பிடும் அம்மா. எண்பதைத் தாண்டியவர், ஈப்போவில் மகனோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பாதி வாழ்க்கை பால் வெட்டினார், மீதியில் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைத்தார். அவர் பேரனுக்கு வேலை ஒரு ஜப்பான்காரன் தொழிற்சாலையில். பழையதை நினைவு வைத்தால் வன்மம்தான் வளரும் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடியபோது, இதை அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "பேரனுக்குச் சம்பளம் இருபத்தஞ்சாந் தேதி டாண்ணு வந்துருதுலா. நாந்தான் அவனுக்குச் சோறு கட்டிக் குடுத்து அனுப்புறேன். இதுல என்ன வன்மம்?" என்றார்.

அவருடைய அம்மா கடைசிவரை பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. போர் முடிந்து சிலர் நடைப்பிணமாகத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவரும் அவர் புருஷனைப் பற்றிக் கண்டேன் என்றோ காணவில்லை என்றோ சொல்லவில்லை. ஆள் செத்ததாக யாரும் வந்து சொல்லாதபோது தாலியை எப்படி எடுப்பது? இந்தக் கேள்வியோடுதான் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். மகளும் அதே கேள்வியோடுதான் ஒவ்வொரு சித்திரையிலும் என் காரில் ஏறுகிறார்.

2024இல் அந்தக் கேள்விக்கு ஒரு முடிவு கட்டப் பார்த்தார்கள்.

பெயர் கூப்பிடுகிறவர் எங்கள் கோவில் தலைவர். மூன்று லாரி வைத்து ஓட்டுகிறார். அவருடைய தாத்தாவும் போனவர்களில் ஒருவர். தலைவர் தாளைப் பார்த்துப் படிப்பதில்லை. தரைமட்டமான லயங்கள் வாசல் வாசலாக அவர் மனதில் நிற்கின்றன. முதல் லயம், முதல் வாசல், ஆற்றோரத்து லயம், கோடி வீடு என்று மனதுக்குள் நடந்துகொண்டே கூப்பிடுவார். ஒரு வாசலையும் அவர் தவறவிட்டு நான் கேட்டதில்லை. இத்தனை புத்தகம் படித்த என் தலையில் அந்த வரிசை நிற்காது. அவரும் அவர் அண்ணனும் சிறுவயதில் தங்கள் அப்பாவிடமிருந்து பாடமாகக் கேட்டு வைத்துக்கொண்டது அது.

பங்குனி மாதக் கூட்டத்தில் தலைவர் பேச்சை எடுத்தார். வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். பௌர்ணமி வேலை நாளில் வந்தால் இன்னும் மோசம். இந்தச் சித்திரையோடு பெரட்டை நிறுத்திக்கொள்ளலாம், வருகிற ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் ஐயரை வைத்து எல்லாருக்குமாகச் சேர்த்துக் கருமாதி செய்து, ஆத்மாக்களை மரியாதையாக அனுப்பிவிடலாம் என்றார். ஒவ்வொரு வீடும் சம்மதித்தால்தான் செய்வது என்றும் சொன்னார்.

அவர் அலுப்பில் பேசவில்லை. "நாம போன பின்னாடி யாரு வந்து கூப்பிடப் போறா? அநாதையா விட்டுட்டுப் போறதுக்கு, இருக்குறப்பவே முடிச்சிட்டுப் போலாம். நாடே மறந்திருச்சி. நம்ம நாலு வீடு மட்டும் எத்தன காலத்துக்கு இழுத்துப் பிடிக்கிறது?"

பெரும்பாலான வீடுகள் தலையாட்டின. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதோடு, உண்மையைச் சொன்னால், ஆடி அமாவாசை ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. இத்தனை காலம் தேதியில்லாமல் கிடந்த சம்பவத்துக்கு ஒரு தேதி கிடைக்கப்போகிறதே என்று மனம் ஓடியது.

அக்கா மட்டும் தலையாட்டவில்லை. திரும்பும் வழியில், காரில் சொன்னார்.

"ஆளு செத்துட்டாருன்னு எங்கம்மாகிட்ட ஒருத்தரும் வந்து சொல்லலயே தம்பி. கூட்டிட்டுப் போனவன் சொல்லல. பொறவு வந்த வெள்ளக்காரன் சொல்லல. நம்ம கவர்மெண்டும் சொல்லல. சொல்ல வேண்டியவங்க வாசலுக்கு வந்து சொல்லட்டும். மறுநாளே நான் மொட்ட போட்டுக் கருமாதி செய்றேன்."

சிம்பாங் பூலாய் வந்ததும், சீனன் கடையில் ஹோர்ஃபன் நூடுல்ஸ் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

எனக்கு அன்று தைப்பிங் போர்க் கல்லறைதான் நினைவில் வந்தது. மழை விட்ட ஒரு காலையில் அங்கே வெகுநேரம் நடந்திருக்கிறேன். புல் சீராக வெட்டியிருந்தது. கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, தேதி. தேதிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். பெயர் தெரியாத சிப்பாய்க்கும் அங்கே ஒரு கல் உண்டு. எங்கள் ஆட்களுக்குப் பெயர் இருக்கிறது, கல்தான் இல்லை. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதற்கு ஒவ்வொரு புத்தகமும் ஒரு கணக்குச் சொல்கிறது. சில சங்கங்கள் கூட்டம் நடத்துகின்றன, நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிப் பாடத்தில் சில வரிகள் வந்தால் போதும் என்பவர்கள் உண்டு, அதுவும் வேண்டாம், எத்தனை காலத்துக்கு அழுவது என்பவர்களும் உண்டு.

அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு இந்த வாதங்கள் எனக்கு வேறு மாதிரி ஒலிக்கின்றன. அவர் யாரையும் அழச் சொல்லவில்லை. ஒரு நாடு ஆண்டுதோறும் ஒரு நாளில் எழுந்து நின்று, உங்கள் ஆள் போனார், திரும்பவில்லை, எங்களுக்குத் தெரியும் என்று சொல்வது, அந்த அம்மாவின் வாசலுக்கு வந்து சொல்வதுதான். அது ஒருமுறை சொல்லி முடிகிற காரியம் இல்லை, ஏனென்றால் வாசல்கள் ஏராளம், பலவற்றில் ஆள் மாறிவிட்டார்கள். நாடு சொல்லாதவரை கூப்பிடுவதை நிறுத்த எங்களுக்கு உரிமை உண்டா? இதைத் தலைவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவர் பக்கத்து நியாயமும் கனமானதுதான்.

சித்திரா பௌர்ணமி அந்த ஆண்டு ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. களத்துக்குப் போனபோது நிலவு செம்பனைகளுக்கு மேல் தாழ்ந்து நின்றது. வேலை நாள் என்பதால் கூட்டம் குறைவு. வந்தவர்களில் பாதிப் பேர் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார்கள், முடிந்த கையோடு ஓட வேண்டும். புந்தோங்கிலிருந்து வழக்கமாக வருகிற கிறிஸ்துவக் குடும்பம் கையில் ஜெபமாலையோடு நின்றது. அவர்களும் அதே பதிலைத்தான் சொல்வார்கள். கடைசிப் பெரட்டு என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பெயர் கூப்பிட்டு முடித்ததும் தலைவர் வீடு வீடாகச் சம்மதம் கேட்பதாக ஏற்பாடு.

தலைவர் கூப்பிடத் தொடங்கினார். முதல் லயம், முதல் வாசல். பதில்கள் வந்தன. சில குரல்கள் தூக்கக் கலக்கத்தில், சில குரல்கள் சத்தமாக. அக்காவின் முறை வந்தபோது அவர் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து நின்று சொன்னார்.

ஆற்றோரத்து லயத்தின் கோடி வீடு தலைவருடையது. அதனால் அவர் தாத்தாவின் பெயர் எப்போதும் கடைசியில் வரும். கூப்பிடுகிறவர் தன் வீட்டுக்குத் தானே பதில் சொல்லக்கூடாது, கிராணி காலத்து ஒழுங்கு அது. இத்தனை ஆண்டும் அவர் அண்ணன்தான் பதில் சொன்னார். அந்த அண்ணன் முந்தைய தீபாவளிக்குப் பின் மாரடைப்பில் இறந்துவிட்டார். அந்த இடத்துக்கு வேறு ஆளை நிறுத்த வேண்டும் என்பது தலைவர் உட்பட யாருக்கும் தோன்றவில்லை. வேலை நாள் என்று அவர் வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை.

பெயரைக் கூப்பிட்டார். களம் சும்மா இருந்தது.

அண்ணன் நிற்கிற இடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, கிராணி செய்வது போலவே, இரண்டாம் முறை கூப்பிட்டார். பழைய ஒழுங்குப்படி இரண்டு முறை கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் அந்த ஆளுக்கு அன்று பெயர் இல்லை, கூலியும் இல்லை. தொடர்ந்து பதில் இல்லையென்றால் பெயரையே வெட்டிவிடுவார்கள். அங்கே நின்ற வயதானவர்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

"சயாமுக்கு வேலைக்குப் போயிருக்காரு," என்று அக்காவின் குரல் வந்தது. பிறகு, கிராணியிடம் கெஞ்சுவது போல இல்லாமல், கறாராக, "ஆளு இன்னும் திரும்பல. பேர வெட்டிராதீங்க."

தலைவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். எல்லாரும் அவர் சம்மதம் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தோம். அவர் கோவில் படிப் பக்கம் திரும்பி, தேநீர்ப் பானையைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, சாதாரணமாக, "அடுத்த வருசமும் இதே நேரந்தான். லேட்டா வராதீங்க," என்றார்.

கருமாதிப் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. அதன் பிறகும் எடுத்ததில்லை. தன் முடிவை இத்தனை பேர் முன்னால், ஒரு விளக்கமும் சொல்லாமல், தேநீரோடு விழுங்கிக்கொண்ட மனிதரை எனக்கு அன்றிலிருந்து இன்னும் அதிகமாகப் பிடிக்கும். தேநீர் ஊற்றும்போது அவர் அக்காவிடம் போய் நின்றார். எங்கள் வீட்டுக்கு நீங்களே சொல்லுங்கக்கா என்று கேட்டுக்கொண்டார். ரெண்டு வீட்டு வேலைக்கு ரெண்டு கூலி வேணும்லா என்று அக்கா சொல்ல, அவர் சிரித்துவிட்டார்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. சுண்ணாம்புக் குன்றுகள் தெரியத் தொடங்கியபோது அக்கா கேட்டார். "அடுத்த வருசம் பௌர்ணமி என்னக்கி வருது?"

இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் நான் பிறந்திருக்கிறேன். "மே பன்னண்டு, திங்கக்கெழமை. புத்தரோட விசாக தினம். நாடு பூரா லீவு."

"அதுக்கு மறு வருசம்?"

"மே ஒண்ணு. தொழிலாளர் தினம். அதுவும் லீவு."

"பரவால்லலா. நம்ம நாள்னு தெரியாமயே கவர்மெண்டுல ரெண்டு வருசத்துக்கு லீவு குடுத்துட்டாங்க," என்றார். "தெரிஞ்சி குடுக்குற வரைக்கும் நீ வண்டிய நல்லா வச்சிக்க."