துப்பாக்கிக்கு அனுமதி கேட்டேன், நண்பர் என்னைப் புகழ்ந்துவிட்டார்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ஐசலினில் நகைக்கடை வைத்திருக்கிறேன். சமீபத்தில் கடை வாசலிலேயே ஒருவன் என்னைத் தள்ளிவிட்டுப் பையைப் பறித்துப் போனான். அதனால் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள போலீஸிடம் அனுமதி கேட்டேன்.

உறவினர் அல்லாத நால்வர் என் குணத்துக்குச் சான்று சொல்ல வேண்டுமாம். தள்ளியவனிடம் யாரும் நற்சான்று கேட்கவில்லை. போகட்டும்.

இன்று காலை பதில் வந்தது. என் சுபாவம் பொதுமக்கள் பாதுகாப்புக்கு ஒத்துவராதாம். அனுமதி இல்லை.

சான்று சொன்னவர்களில் ஒருவரான நண்பர் சுந்தரத்துக்குப் போன் செய்தேன்.

"போலீஸ்கிட்ட என்னய்யா சொன்னீங்க?"

"பெருமையாத்தான் அண்ணா சொன்னேன். தப்புன்னு பட்டா யாரையும் சும்மா விடமாட்டார், கோயில் மீட்டிங்ல பிரசிடென்ட் கையிலிருந்தே மைக்கைப் பிடுங்கினவர்னு சொன்னேன்."

"அதுக்கு அந்த போலீஸ்காரர் என்ன சொன்னார்?"

"ரொம்ப இன்ட்ரஸ்டா கேட்டார் அண்ணா. வேற யார்கிட்டயெல்லாம் சண்டை போட்டிருக்கார்னு கேட்டார். ஞாபகம் இருந்த வரைக்கும் ஒண்ணுவிடாம சொன்னேன்."

மைக்கைப் பிடுங்கியது சரிதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

மறுபடி விண்ணப்பிக்கப் போகிறேன். என் மேல் பெரிய மரியாதை எதுவும் இல்லாத நண்பர் ஒருவர் உடனே தேவை. கமென்டில் கை தூக்குங்கள்.