அண்ணாந்து பார்க்கச் சொன்னவர்

சங்கரன்கோவிலில் நான் பயிற்சி மருத்துவனாகச் சேர்ந்த மருத்துவமனையின் ஆண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலுக்கு மேலே ஒரு மின்விசிறி இருந்தது. காற்று சுமார்தான், சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. அதை மாற்றச் சொல்லி நர்ஸம்மா எத்தனையோ தடவை கேட்டும் பெரிய டாக்டர் விடவில்லை. "சத்தம் கேட்டாத்தான் சீக்காளி அண்ணாந்து பாப்பான்" என்பார். ஸ்டெதஸ்கோப்புக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது அந்த விசிறியைத்தான்.

காலை ரவுண்ட்ஸில் அவருக்கென்று ஒரு சட்டம். கேஸ் ஷீட்டை முதலில் தொடக்கூடாது. கட்டிலின் கால்மாட்டில் நின்று ஆளைப் பார்க்க வேண்டும். கண்ணில் பட்டதை அங்கேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தப்பாகச் சொன்னால் திட்டு விழும், அவ்வளவுதான். பேசாமல் நின்றவனை மட்டும் வார்டைவிட்டே வெளியே அனுப்புவார். "தப்பாச் சொல்லுதவன் நாளைக்குத் திருந்துவான் வே. வாய மூடிக்கிட்டு நிக்கவன் ஆளக் கொன்னுருவான்." முதல் வாரத்திலேயே நான் வெளியேபோய் வராந்தாவில் நின்றிருக்கிறேன். மனுஷன் எமகாதகர்.

ஒரு மழைக்காலக் காலையில் மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு பருத்தி விவசாயியை அழைத்து வந்து அந்த ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். வயிற்றுவலி. நெற்றியிலும் வயிற்றிலும் கோயில் புற்றுமண் பூசியிருந்தது. "நேத்து வச்ச மீன் கொழம்பு டாக்டரய்யா, வேற ஒண்ணுமில்ல" என்றார் அவர். "மாடு கறக்க ஆளில்ல, ரெண்டு மாத்திரயக் குடுத்து அனுப்பிருங்க" என்று அவர் மனைவி அவசரப்பட்டாள். புற்றுமண்ணைத் துடைக்கப்போன நர்ஸம்மாவை, "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று பெரிய டாக்டர் தடுத்தார். பிறகு நோயாளியிடம், "அண்ணாச்சி, மேல ஃபேனு சுத்துதுல்லா, அதயே பாத்துக்கிட்டு இருங்க" என்றார். சொல்லிவிட்டு அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். எங்களில் யார் கண்டுபிடிக்கிறோம் என்று பார்ப்பது அவர் வழக்கம்.

நோயாளியின் இமைகள் கடை ஷட்டர் போல மெதுவாக இறங்கின. அவர் புருவத்தை உயர்த்தி உயர்த்திப் பார்த்தார். இமை மேலே போகவில்லை. "எங்கன படுத்திருந்திய ராத்திரி?" என்று பெரிய டாக்டர் கேட்டார். "பருத்தி மூட பக்கத்துல, தரையில." கட்டுவிரியன். தூக்கத்தில் கடித்தால் பல் பட்ட இடம்கூடத் தெரியாது. விஷமுறிவு மருந்தை ஏற்ற ஓடிய எங்களிடம் பெரிய டாக்டர் அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவே இல்லை: "மொதல்ல இமை விழும். பொறவு தொண்டை. பொறவு மூச்சு. இந்த வரிச மாறாது." சொன்னபடியே மூச்சும் நின்றது. தொண்டையில் குழாய் வைத்து, முறை போட்டு மூச்சுப் பையை அழுத்தி அழுத்தி அந்த மனிதரைப் பிழைக்க வைத்தோம்.

அடுத்த ஆடி மாதம் ரவுண்ட்ஸில் நின்றபோது பெரிய டாக்டரின் இடது இமை என் கண்ணில் பட்டது. அது காலையில் சரியாக இருக்கும். கடைசிக் கட்டிலுக்கு வரும்போது பாதிக் கண்ணை மூடியிருக்கும். சில நாளில் அவர் குரலும் மூக்கால் பேசுவதுபோல ஆனது. ரவுண்ட்ஸ் முடிந்து காப்பி குடிக்கும்போது புரை ஏறியது. இமை ஆயிற்று, தொண்டையும் ஆயிற்று. பாம்பு எதுவும் கடிக்காமலே, தசைகள் சோர்ந்து அதே வரிசையில் வருகிற நோய் ஒன்று உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் எல்லோருமே பார்த்தோம். பூனைக்கு யார் மணி கட்டுவது?

ஒருநாள் ஜன்னலோரக் கட்டிலருகே நின்றபோது என்னால் அடக்க முடியவில்லை. "சார், நீங்க கொஞ்சம் ஃபேனப் பாருங்க" என்றேன். நர்ஸம்மா என்னை முறைத்தார். பெரிய டாக்டர் அண்ணாந்தார். இரண்டு இமைகளும் இறங்கின. இறங்கிய இமைகளோடு அப்படியே நின்று கேட்டார்: "எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க. இது என்ன வே? சொல்லும்."

"மயஸ்தீனியா சார்."

"வரிச?"

"இமை, தொண்டை..."

"மூணாவத நீரு சொல்லாட்டா வராம இருந்துருமோ?" என்று சிரித்தார். சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது, கன்னம் ஒத்துழைக்கவில்லை. "நல்லாப் பாத்தீரு" என்று என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். ஒன்றரை வருஷத்தில் அவரிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு அது. வாங்கியதற்காக வீட்டுக்குப்போய் அழுதேன்.

அன்றே திருநெல்வேலிக்குப் போங்கள் என்று கெஞ்சினோம். ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் மயங்கி விழுபவர்கள், மிதிபட்டவர்கள் என்று வார்டு நிறையும் நேரம். "தபசு முடியட்டும், போறேன்" என்றார். மற்றவர்களுக்கு ஒரு நாள் தவணை கொடுக்காத மனுஷன் தனக்கு மட்டும் கொடுத்துக்கொண்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தபசுக் காட்சி நாளன்று, தெருவெல்லாம் கூட்டம் நெரிந்த சாயங்காலத்தில், மூச்சு முட்டிய அவரையே ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தோம். நெற்றியில் அவர் மனைவி புற்றுமண் இட்டிருந்தார். யாரும் துடைக்கவில்லை. நான் பையை அழுத்தினேன். ஆம்புலன்ஸ் கூட்டத்தைத் தாண்டவே வெகுநேரமாயிற்று. திருநெல்வேலியில் சில நாள் இயந்திரத்தில் இருந்தார், நுரையீரலில் சளி பிடித்தது, திரும்பி வரவில்லை.

இப்போது அதே வார்டில் ரவுண்ட்ஸ் நான் போகிறேன். விசிறியை மாற்ற நானும் விடவில்லை. அவருடைய சட்டத்தோடு நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன்: ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஜன்னலோரக் கட்டிலருகே நின்று நான் அண்ணாந்து பார்ப்பேன், பயிற்சி மருத்துவர்கள் என் கண்ணைப் பார்க்க வேண்டும். சாருக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று அவர்களுக்குள் பேச்சு. சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள்.

நேற்றும் சிரித்தார்கள். கடையநல்லூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "சார், இன்னொருக்கா மேல பாருங்க" என்றாள். பார்த்தேன். விசிறி சத்தம் போட்டுக்கொண்டே சுற்றியது. அவள் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள்.

"சொல்லும்மா" என்றேன்.

சொன்னாள். இந்த வருஷமும் தபசுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வார்டை அடுத்த டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, மதியமே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.